கோழியை எண்ணினேன்... இடத்தை அளக்கவில்லை!

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். சாகாதுதான். ஆனால், இடமில்லாத கூண்டில் கோழி மிதித்துக் கோழியே சாகும். அதை என் வீட்டுக் கொல்லையில் கண்ணால் பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக் கொல்லையில் நாலு கோழி வளர்க்க வேண்டும் என்ற ஆசை இப்போது பல சகோதரிகளுக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். பிள்ளைகளுக்கு நல்ல முட்டை கிடைக்கும். மிச்சம் மீதி வீணாகாது. யாரிடமும் கை நீட்டாமல் நம் கையிலும் நாலு காசு புரளும். ஆனால், என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் கேட்பது மூன்றே கேள்விகள்தான். "எத்தனை குஞ்சு வாங்கலாம்? எங்க வாங்கலாம்? என்ன விலை?" 'எத்தனை அடி இடம் வேணும்?' என்று இதுவரை ஒருத்தி கூடக் கேட்டதில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

2020 ஊரடங்கில் என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் பாதியாகி விட்டது. ஜவுளிக்கடை வேலை. அடுத்த வருடமும் நிலைமை சீராகவில்லை. 2021 ஆனி மாதம், மகளிர் குழுவில் 5,000 ரூபாய் கடன் வாங்கினேன். கணக்கு இன்னமும் என் நோட்டில் இருக்கிறது. நாலு வாரக் குஞ்சு 25, ஒன்று 80 ரூபாய் வீதம் 2,000. தீவனம் 2,500. தீவனத் தட்டும் தண்ணீர்க் குவளையும் 500. கூட்டிப் பாருங்கள், 5,000 சரியாக வந்து விட்டது. கூண்டுக்கு என்று ஒரு பைசா ஒதுக்கவில்லை!

கூண்டு சும்மா கிடைத்தது. பக்கத்துத் தெருவில் முயல் வளர்த்தவர்கள் வேண்டாமென்று போட்டிருந்த மரக் கூண்டு. நாலு அடி நீளம், மூன்று அடி அகலம், உயரம் இரண்டு அடி. குஞ்சுகளை உள்ளே விட்டதும் எல்லாம் ஒரு மூலையில் போய் ஒட்டிக் கொண்டன. முக்கால் கூண்டு காலியாகக் கிடந்தது. 'இன்னும் பத்து சேர்த்து வாங்கியிருக்கலாமோ' என்று கூட நினைத்தேன். குஞ்சு என்றைக்கும் குஞ்சாகவே இருக்கப் போகிறதா என்ன? அந்தப் புத்தி அப்போது இல்லை.

ஒன்றைப் பருந்து தூக்கியது போக 24 நன்றாக வளர்ந்தன. எட்டாவது வாரம் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியும் போட்டு விட்டேன். புரட்டாசி வந்தபோது சாயங்காலம் அடையும் நேரத்தில் கூண்டுக்குள் தினமும் சண்டை. நோஞ்சான் கோழிகள் நாலைந்துக்கு வாலில் இறகே இல்லை. மற்றவை கொத்திக் கொத்திப் பிடுங்கி விட்டிருந்தன. செள்ளு வேறு. பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் கொல்லைப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதையே விட்டு விட்டார். 'கோழின்னா நாத்தம் இருக்கத்தானே செய்யும்' என்று நான் சமாதானம் சொல்லிக் கொண்டேன். அது கோழியின் நாற்றம் இல்லை, இடநெருக்கடியின் நாற்றம் என்று யார் எனக்குச் சொல்வது?

ஐப்பசியில் முதல் முட்டை வந்தது. என் சின்ன மகள் அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டு போய், தெரு முழுக்கக் காட்டி விட்டு வந்தாள். அந்த வாரத்திலேயே மழை பிடித்துக் கொண்டது. 2021 நவம்பர் மழை டெல்டா பக்கத்துச் சகோதரிகளுக்கு மறந்திருக்காது. கொல்லையெல்லாம் தண்ணீர். கோழிகளைப் பகலிலும் வெளியே விட முடியவில்லை. குளிர் தாங்காதே, சாரல் அடிக்குமே என்று, கூண்டின் நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துச் சுற்றிக் கயிறு கட்டினேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை தார்ப்பாயைப் பிரித்ததும் கண் எரிந்தது. உள்ளே ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவை உயிரோடு இருந்தன. அடியில் கிடந்தவை விறைத்துப் போயிருந்தன. ஒன்பது கோழிகள்! மறுநாள் இன்னும் இரண்டு. எல்லாம் ஆறு மாதம் வளர்த்து, முட்டைக்கு வந்த வேளை.

'கண்ணு பட்டுடுச்சு' என்றார்கள். 'கழிச்சல் வந்திருக்கும், மிச்சத்தையும் வித்துடு' என்றார்கள். செத்ததில் இரண்டைப் பையில் போட்டுக் கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் அறுத்துப் பார்த்தார். 

"நோய் அறிகுறி ஒண்ணும் இல்லைம்மா. மொத்தம் எத்தனை கோழி?"

"இருபத்து நாலு சார்."

"கூண்டு எத்தனை அடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விழித்தேன். 

"எத்தனை கோழின்னு கேட்டா டக்குன்னு சொல்றீங்க. எத்தனை அடி கூண்டுன்னு தெரியலையேம்மா!" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அழுதது போல நான் எப்போதும் அழுததில்லை.

வீட்டுக்கு வந்து அளந்தேன். நாலு அடிக்கு மூன்று அடி, 12 சதுர அடி. 24 கோழிக்கு வகுத்தால் ஒன்றுக்கு அரை சதுர அடி. நாம் மனு எழுதுகிற வெள்ளைத் தாளை விடச் சின்ன இடம். அதில்தான் ஒரு வளர்ந்த கோழி மூன்று நாள் இரவு பகலாக நின்றிருக்கிறது. எச்சம் ஈரத்தில் ஊறி அமோனியா வாயு கிளம்பியிருக்கிறது. அது வெளியே போக ஒரு சந்து கூட இல்லாமல் தார்ப்பாய் கட்டியவள் நான். மூச்சு முட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியது செத்திருக்கிறது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். அதே வருடம், சித்திரையில், எங்கள் வீட்டில் இருசக்கர வண்டிக்குத் தகரக் கொட்டகை போட்டோம். கொத்தனார் வந்து டேப் வைத்து அளந்தார். வண்டி திரும்ப எவ்வளவு இடம், ஸ்டாண்டு போட எவ்வளவு இடம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார். வண்டிக்கு அளந்த வீட்டில் கோழிக்கு யாரும் அளக்கவில்லை. காரணம் என்ன? கோழி 'பொம்பளை விஷயம்'. சும்மா கிடைத்த கூண்டும் கவிழ்த்துப் போட்ட கூடையும் அதற்குப் போதும் என்ற நினைப்பு. வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அந்த நினைப்புதான். நம் முயற்சிக்கு முதலில் நாமே மரியாதை கொடுப்பதில்லை. முட்டை வந்தால் அது வீட்டு முட்டை. கோழி செத்தால் மட்டும் 'உன் கோழி' ஆகி விடுகிறது! குழுக் கடனை நான்தானே கட்ட வேண்டியிருந்தது?

மிச்சம் 13. அதில் மூன்று சேவலை விற்றேன். ஒன்பது பெட்டை, ஒரு சேவல், ஆகப் பத்து. விற்ற காசையும் என் சிறுவாட்டுப் பணத்தையும் போட்டு, 2022 தை மாதம் புதுக் கூண்டு கட்டினோம். இந்தத் தடவை டேப் என் கையில். சகோதரிகளுக்கு உதவும் என்று அந்த அளவுகளை எழுதுகிறேன்.

பகலில் வெளியே மேய்ந்து, ராத்திரி மட்டும் அடைகிற கோழிக்குக் கூண்டுக்குள் ஆளுக்கு இரண்டு சதுர அடி. பத்துக் கோழிக்கு 20 சதுர அடி. என் கூண்டு ஐந்து அடிக்கு நாலு அடி. பகலிலும் அடைத்தே வைக்க வேண்டிய வீடு என்றால் இரண்டு அடி போதாது. நாலு அடியாவது வேண்டும்.

மேய்கிற இடம் ஒரு கோழிக்குப் பத்து சதுர அடியாவது இருக்கட்டும். எங்கள் கொல்லை 20 அடிக்கு 12 அடி. துவைக்கிற கல், அடிபம்பு, முருங்கை, துணிக்கொடி, கூண்டு இதெல்லாம் போக நூறு சதுர அடிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அப்படியென்றால் பத்துக் கோழிதான் என் கொல்லைக்குக் கணக்கு. 25 வாங்கியபோதே தப்பு நடந்து விட்டது.

கோழி தரையில் தூங்கப் பிரியப்படாது. கம்பில் ஏறி உட்காரும். ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்று கணக்கு. பத்துக்கு 80 அங்குலம், அதாவது ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைவு. நாலு அடியில் இரண்டு சவுக்குக் கம்பு, இரண்டு அடி உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு அடி தள்ளிப் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயரம், ஒன்று தாழ்வு என்றால் உயரத்துக் கம்புக்கு அடிதடி நடக்கும். மனுஷருக்கே அப்படித்தானே!

முட்டையிட நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், வைக்கோல் மெத்தை. ஒன்பது பெட்டைக்கு இரண்டு வைத்திருக்கிறேன். அவை கம்பை விடத் தாழ்வாக, இருட்டான மூலையில் இருக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் கோழி அதிலேயே படுத்துத் தூங்கி எச்சமிட்டு முட்டையை நாசமாக்கி விடும்.

தரையை ஒன்றரை அடி மேடாக்கிச் சிமெண்டு பூசி, மேலே மூன்று நாலு அங்குலம் உமி பரப்பியிருக்கிறேன். எங்கள் பக்கம் ரைஸ் மில்லில் உமிக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கிளறி விட்டால் காய்ந்து கிடக்கும். ஈரமானதை அள்ளிக் குப்பைக் குழியில் போட்டு மக்க வைத்தால் தென்னைக்கு நல்ல எரு.

சுவர் கீழே இரண்டு அடி செங்கல், அதற்கு மேல் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை. பெரிய கண் வலை போட்டால் கீரிப்பிள்ளையும் பாம்பும் உள்ளே வரும். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடினால் வெயில் நேராக உள்ளே விழாது. கூரைத் தகரத்தின் மேல் கீற்று வேய்ந்திருக்கிறேன். இல்லாவிட்டால் சித்திரையில் கோழி வெந்து போகும். மழைக்குச் சாக்குப் படுதா உண்டு. ஆனால், எத்தனை புயல் அடித்தாலும் மேலே ஒரு அடி திறந்தே இருக்கும். பதினொரு கோழி கொடுத்துக் கற்ற பாடம் அது.

எல்லாவற்றையும் விட நான் சண்டை போட்டு வாங்கியது உயரம். "கோழிக்கு எதுக்கு ஆறு அடி உயரம்? மூணு அடி போதாதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். 

"கோழிக்குப் போதுங்க. உள்ளே போய்ப் பெருக்குறது யாரு?" என்றேன். 

பேசாமல் ஆறு அடிக்குக் கம்பு நட்டார். பழைய கூண்டில் தலையை உள்ளே விட்டு, முதுகு வளைந்து, எட்டாத மூலையை விட்டு விட்டுத்தான் பெருக்குவேன். எட்டாத அந்த மூலையில்தான் ஈரம் தேங்கியது. பெருக்குகிறவள் நிமிர்ந்து நிற்க முடியாத கூண்டு ஒரு நாளும் சுத்தமாக இருக்காது. சமையலறை மேடையிலிருந்து கோழிக்கூண்டு வரை, அதில் வேலை செய்யப் போகிறவளிடம் கேட்காமல் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

சிலர் என்னிடம், "எங்க பாட்டியெல்லாம் கூண்டா கட்டினாங்க? பஞ்சாரத்துல கவுத்துப் போட்டே வளர்க்கலையா?" என்று கேட்கிறார்கள். இதை என் மாமியாரிடமே கேட்டேன். 

"ஏம்மா, நாங்க ஆறு கோழிக்கு மேல எப்பம்மா வெச்சோம்? கொல்லையும் வைக்கப்போரும் மாட்டுக் கொட்டகையும் அது பாட்டுக்குக் கெடந்துச்சு. பாதிக் கோழி மரத்துல அடையும். பஞ்சாரம் தாய்க்கும் குஞ்சுக்குந்தான்" என்றார். 

பாட்டி காலத்துக் கோழி கிடைக்கும். பாட்டி காலத்துக் கொல்லை கிடைக்குமா? இப்போது சுற்றிலும் காம்பவுண்டு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் வீட்டுச் சமையலறை. பஞ்சாரத்தை நான் தூக்கிப் போடவில்லை. 21 நாள் அடை காத்துப் பொரித்த தாயையும் குஞ்சுகளையும் மாமியாரின் பழைய பஞ்சாரத்தில்தான் வைக்கிறேன். குஞ்சுகள் பெரிதாகி, பத்துக்கு மேல் போனால் விற்று விடுவேன். கூண்டு கொள்ளாத கோழி எனக்கு வேண்டாம்.

இன்னும் சிலர், "நாமக்கல் பண்ணையில அரை அடிக் கூண்டுலதானே கோழி முட்டை வைக்குது?" என்பார்கள். அங்கே எச்சம் கம்பி வழியே கீழே விழுந்து விடும். கொத்திக் கொள்ளாமல் இருக்க மூக்கைத் தீய்த்து விடுவார்கள். நாள் முழுக்கக் கவனிக்க ஆள் உண்டு. அந்தக் கோழிகளுக்கே அது நல்ல வாழ்க்கையா என்பது வேறு கேள்வி. சண்டைக் குணமுள்ள நாட்டுக்கோழியை, ஒற்றை ஆளாகச் சோறாக்கித் துணி துவைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற நாம், அரை அடியில் வைத்துக் காப்பாற்ற முடியாது.

மகளிர் குழுக்களை நடத்துகிற சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கோழிக்குக் கடன் கேட்டு வருகிறவளிடம் 'எத்தனை குஞ்சு?' என்று கேட்கும் முன், 'கூண்டு எங்கே, எத்தனை அடி?' என்று கேளுங்கள். கூண்டுச் செலவையும் கடன் கணக்கில் சேருங்கள். இடம் நாலு கோழிக்குத்தான் என்றால் நாலுக்கு மட்டும் கொடுங்கள். அன்றைக்கு என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், எனக்கு முதலில் கோபம் வந்திருக்கும். ஆனால் பதினொரு கோழி பிழைத்திருக்கும்.

பெரிய லாபம் என்று ஆசை காட்ட மாட்டேன். நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது எழுபது முட்டைதான் வைக்கும். ஒன்பது பெட்டைக்கு, அறுபது என்றே வைத்தாலும் 540. வாரத்துக்குப் பத்து முட்டை. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அது போதும். மிஞ்சுவதை விற்கிறேன், அவ்வப்போது சேவல் குஞ்சுகளையும் விற்கிறேன். குழுக் கடனை மறு வருடம் ஆவணியில் அடைத்து விட்டேன். 25 கோழி வைத்திருந்த காலத்தில் வந்ததை விட, பத்துக் கோழியில் வருவதுதான் கையில் நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து விட்டார். அந்த ஜன்னல் வழியாகவே, "நாலு முட்டை குடேன்" என்று கேட்கிறார்!

தெருவில் கூடையோடு வருகிற குஞ்சுக்காரர், "இருபது எடுத்தா ரெண்டு சும்மா தர்றேன்மா" என்பார். மனசு இளகத்தான் செய்யும். அந்த நேரத்தில் வாசலுக்குப் போகாதீர்கள். டேப்பை எடுத்துக் கொண்டு கொல்லைக்குப் போங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்து, வருகிற எண்ணிக்கைக்கு ஒரு குஞ்சு கூட அதிகம் வாங்காதீர்கள். கைக்குள் அடங்குகிற குஞ்சுக்கு இடம் பார்க்காதீர்கள். ஆறு மாதம் கழித்து, அடைமழையில் மூன்று நாள் வெளியே வர முடியாமல் நிற்கப் போகிற கோழிக்கு இடம் பாருங்கள். அதைப் பெருக்கப் போகிற உங்களுக்கும் சேர்த்துத்தான்!

என் கூண்டு ஐந்து அடிக்கு நாலு அடி. இன்றைக்கு யார் கேட்டாலும் டக்கென்று சொல்வேன். உங்கள் வீட்டுக் கூண்டு எத்தனை அடி, சகோதரிகளே?

— ஒரு வாசகி, மன்னார்குடி.